300 ரூபாய்க்குள் கிறிஸ்துமஸ் ஜோடனை: வீட்டில் கிடப்பதை வைத்து என்ன செய்யலாம்?

மாடிவீடு | டிசம்பர் 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் கிறிஸ்துமஸ் ஜோடனைக்கு நான் ஒதுக்கியிருப்பது 300 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அவருக்கு வேலை மாறி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஜூனில் வீடு மாறியபோது பழைய நட்சத்திரமும் சீரியல் செட்டும் வண்டியிலேயே நசுங்கிவிட்டன. பெரியவன் நாலாம் வகுப்பு, சின்னவள் யூகேஜி. பாளையங்கோட்டையில் வாடகை மாடி வீடு. வெளியே ஒரு நட்சத்திரம், உள்ளே மரம் மாதிரி ஏதாவது ஒன்று, அவ்வளவுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

'வீட்டுக் குப்பையில் அலங்காரம்' என்று நாலைந்து வீடியோ பார்த்தேன். குப்பை மட்டும்தான் நம்முடையது. சூடாக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கி, மினுமினுப்புத் தூள், அக்ரிலிக் பெயிண்ட், தங்க நிற ஸ்பிரே எல்லாம் கூட்டினால் 740 ரூபாய் வருகிறது. அதற்குக் கடையில் நட்சத்திரமே வாங்கிவிடலாமே! அப்புறம், எல்லா வீடியோவிலும் டாய்லெட் பேப்பர் உருளை கேட்கிறார்கள். நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது?

பரணில் ஏறிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அறுபது இருக்கும். தினசரி காலண்டர் அட்டை மூன்று. பழைய பனியன், தையல் வெட்டுத்துணி ஒரு பை. கழுவிக் காயவைத்த பால் கவர், சிப்ஸ் கவர். சிரட்டை வேண்டிய மட்டும் உண்டு. பிறகு, கிழித்த தேதித் தாள்கள். மாமியார் அதன் பின்பக்கம் பால் கணக்கு எழுதுவார், அதனால் ஒன்றையும் எறிவதில்லை. இவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் நேரம்தான் வீண், சொல்லுங்கள்.

ஈத்தாமொழிக்காரன் | டிசம்பர் 4, இரவு 10.25

தங்கச்சி, நட்சத்திரத்தை முதலில் முடிப்போம். மற்றதெல்லாம் பிறகு. எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் முப்பது வருடமாகக் கட்டுகிறேன், மூங்கில் வாங்கக் காசில்லாத வருடங்களும் உண்டு. அப்போதெல்லாம் தென்னை ஈர்க்குதான்.

ஈர்க்கில் ஒன்றரை அடிக்கு மேல் போகாதீர்கள், வளைந்துவிடும். இரண்டிரண்டாகச் சேர்த்து, தலையும் அடியும் மாற்றி வைத்து நூல் சுற்றினால் ஒரு குச்சி. அப்படிப் பத்துக் குச்சி, எல்லாம் சரியாக 18 அங்குலம். ஒவ்வொன்றிலும் இரு முனையிலிருந்தும் 6 அங்குலம் 7 நூலில் பேனாவால் கோடு போடுங்கள். (நூல் என்றால் ஆசாரி நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று.) நடுவில் நாலே கால் அங்குலம் மிஞ்சும். ஐந்து குச்சியை நட்சத்திரமாகப் பரப்பி, கோடும் கோடும் சந்திக்கிற இடத்தில் கட்டினால் கோணாது. நட்சத்திரம் கோணுவதெல்லாம் கண்ணளவில் கட்டுவதால்தான். மூன்று அடி மூங்கில் என்றால் அதே கோடு 13 அங்குலம் 6 நூலில் வரும்.

இதேபோல் இன்னொன்று கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே ஐந்து சந்திப்பிலும் ஐந்து அங்குலக் குச்சி ஒவ்வொன்றைக் குறுக்கே நிறுத்தினால் நட்சத்திரம் வயிறு புடைத்து நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும், பார்க்க வேண்டிய காட்சி.

பின்பக்கத்து ஐங்கோணத்தைத் தாள் ஒட்டாமல் விடுங்கள். பல்பு போக வழி வேண்டும், காற்றும் வேண்டும்.

மாடிவீடு | டிசம்பர் 4, இரவு 10.41

அண்ணாச்சி, ஈர்க்குக்கு எங்கே போவேன்? இங்கே தென்னை மரம் கிடையாது. வீட்டில் இருப்பது புது வாரியல் (விளக்குமாறு) ஒன்று, இன்னும் பிரிக்கவில்லை.

ஈத்தாமொழிக்காரன் | டிசம்பர் 4, இரவு 10.44

அதுவும் ஈர்க்குதானே. தைரியமாகப் பிரியுங்கள்.

கோன்கடை | டிசம்பர் 5, காலை 7.15

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். டாய்லெட் உருளை பற்றிச் சொன்னீர்களே, சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்குப் பதில் நூல் கோன். பனியன் துணி பின்னும் மிஷினில் நூல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் கூம்பு, ஏழு அங்குலம்கூட இராது. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். உங்கள் ஊரில் தையல் கடையிலோ துணிக்கடையிலோ கேட்டால் நூல் உருளையோ துணி சுற்றி வந்த அட்டைக் குழாயோ சும்மாவே கொடுப்பார்கள். கோனைக் கவிழ்த்துப் பச்சை வெட்டுத்துணியைச் சுற்றினால் மேசைமேல் வைக்கிற மரம் தயார். மேல் ஓட்டையில் ஒரு நட்சத்திரத்தைச் செருகிவிடலாம், பசையே தேவையில்லை.

பழைய பனியனை எறிய வேண்டாம். அக்குளுக்குக் கீழே இருக்கிற உடல் பகுதியை மட்டும் குறுக்கே முக்கால் அங்குல அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டுங்கள். ஒரு வளையத்தை இரண்டு கையால் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். துணியின் ஓரம் தானாகவே உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். பின்னல் துணிக்கு மட்டும்தான் இந்தக் குணம், சேலையோ சட்டையோ இழுத்தால் பிசிறுதான் வரும். இந்தக் கயிற்றைக் கம்பி ஹேங்கரில், முதலில் அதை வட்டமாக வளைத்துவிட்டு, நெருக்கமாக முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் கதவில் தொங்கவிடும் வளையம். இரண்டு பனியனில் ஒரு வளையம் வரும். சாயம் போடாமல் வெள்ளையாகவே விட்டால் அழகு. நடுவில் ஒரு சிவப்பு ரிப்பன், பழைய சேலைக் கரை இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

பசைக்கிண்ணம் | டிசம்பர் 5, காலை 11.02

பசை வாங்கவே வேண்டாம். மைதா இரண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும். அப்போது இறக்கிவிட வேண்டும். காற்றாடித் தாளுக்கு இதைவிட நல்ல பசை கிடையாது. பிழைபட்டால் தண்ணீர் தொட்டு உரித்துவிடலாம், பசைத் துப்பாக்கியில் அது நடக்காது.

சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இதில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராமல் இருக்க. பிள்ளைகள் விரலை நக்குகிற வீட்டில் அது வேண்டாம், விஷம். பதிலுக்கு அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

மார்கழிப்பனி | டிசம்பர் 5, மதியம் 1.30

டிவி வாங்கியபோது பெட்டிக்குள் வந்த தெர்மாகோல் எல்லோர் வீட்டிலும் கிடக்குமே. துருவினால் பனி. மரத்துக்கு அடியில் தூவலாம். நாங்கள் போன வருடம் செய்தோம்.

பசைக்கிண்ணம் | டிசம்பர் 5, மதியம் 2.10

துருவாதீர்கள். மின்விசிறி போட்டால் அது வீடு முழுக்கப் பறக்கும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை சோபா இடுக்கில் கிடக்கும், மிச்சம் சாக்கடைக்குப் போகும். இன்னொன்று, அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. காதுகுடையும் பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சியோடு அதுவும் அந்தப் பட்டியலில் வந்தது. பெட்டியோடு வந்ததை உடைக்காமல் அப்படியே கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேடையாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

ஈத்தாமொழிக்காரன் | டிசம்பர் 5, மாலை 6.50

பாளையங்கோட்டையில் பனி எதற்கு? டிசம்பரில் அங்கே பெய்வது மழை. நட்சத்திரத்துக்கு மேல் போட ஒரு பழைய பிளாஸ்டிக் கவரைத் தேடி வையுங்கள், அதுதான் முக்கியம்.

மாடிவீடு | டிசம்பர் 6, இரவு 8.15

வாரியல் விவகாரம் வீட்டில் வெடித்துவிட்டது. மாமியார், "பாலன் பிறந்ததைச் சொல்ல வாரியல் குச்சியிலா நட்சத்திரம் கட்டப்போறே?" என்கிறார். இன்னும் தரையைத் தொடாத புது வாரியல் என்றேன். "பேரு வாரியல்தானே" என்றார். இதற்குப் பதில் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார், முருகன் படங்கள் இருக்கின்றன. வசனக் காலண்டரில் வேத வசனம். இரண்டையும் வெட்டக் கை வரவில்லை.

குடில்பைத்தியம் | டிசம்பர் 6, இரவு 9.05

பாலன் பிறந்ததே மாட்டுத் தொழுவத்தில் என்று அவரிடம் சொல்லிப் பாருங்களேன். (என் மாமியாரிடம் நான் சொல்ல மாட்டேன்.)

நெல்லைத்தமிழ் | டிசம்பர் 6, இரவு 9.30

பத்திரிகை விஷயம் எங்கள் வீட்டிலும் உண்டு, நாங்கள் இந்துக்கள். சாமி படத்தையும் பெயர்களையும் தனியே வெட்டி எடுத்துவிட்டு மிச்ச அட்டையைப் பயன்படுத்துவோம். வெட்டிய படங்களை ஒரு உறையில் போட்டு, சேர்ந்ததும் ஆற்றில் விடாமல் வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவிடுவது என் அப்பாவின் வழக்கம். உங்களுக்குத் தோட்டம் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பசைக்கிண்ணம் | டிசம்பர் 6, இரவு 10.00

வசனத்தின் நடுவே வெட்டாமல் முழுதாகக் கத்தரித்து மரத்தில் தொங்கவிடுங்களேன். எழுத்து பெரிதாகத்தான் இருக்கும். வசனத்தை ஏன் மறைக்கவேண்டும்?

பத்திரிகை அட்டையில் செய்ய ஒன்று சொல்கிறேன், இதற்கு ஒரு டம்ளரும் கத்தரியும் போதும். டம்ளர் வாயை வைத்து 20 வட்டம் வரைந்து வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மூலைகள் வட்டத்தைத் தொடுகிற மாதிரி ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, மூன்று விளிம்பையும் மேல்நோக்கி மடியுங்கள். ஐந்து வட்டத்தை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் ஒரு தொப்பி. இன்னொரு ஐந்தில் இன்னொரு தொப்பி. மிச்சம் பத்தை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரிசையாக ஒட்டி வளைத்தால் நடுப்பட்டை. மூன்றையும் சேர்த்தால் உருண்டை. பசை காயும்வரை துணி மாட்டும் கிளிப் போட்டு வையுங்கள். தங்க நிற அச்சு விளிம்பில் வருகிற மாதிரி வெட்டினால் மினுமினுப்புத் தூளே வேண்டாம், அச்சகத்துக்காரர் ஏற்கெனவே போட்டுத் தந்திருக்கிறார். ஒரே ஒரு எச்சரிக்கை: வட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. ஒன்று மாறினாலும் கடைசித் தொப்பி மூடாது. நான் முதல் தடவை சொம்பு, டம்ளர் என்று மாற்றி மாற்றி வரைந்து அவஸ்தைப்பட்டேன்.

மன்னார்_பனை | டிசம்பர் 7, காலை 6.20

இலங்கை மன்னாரில் இருந்து. கிறிஸ்துமஸை நாங்கள் நத்தார் என்று சொல்லுவோம். 2022இல் நாட்டில் தட்டுப்பாடு வந்தபோது கடையில் தொங்கிய அலங்காரத்தின் விலையைக் கேட்கவே பயமாக இருந்தது. அந்த வருஷம் ஒளிவிழாவுக்கு (நத்தார் நிகழ்ச்சி) பிள்ளைகளோடு இருந்து பனங்குருத்தோலையில் நட்சத்திரம் மடித்தோம். நான்கு கீற்று, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றதைக் கோர்த்து இறுக்கினால் நடுவில் ஒரு சதுரம் வரும். பிறகு அந்த எட்டு வாலையும் மடித்து மடித்துச் செருகுவதுதான் வேலை. அகலம் அரை அங்குலம் என்றால் நீளம் 15 அங்குலமாவது வேண்டும், குறைந்தால் கடைசி முனை எட்டாது. ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் மடிக்கவேணும். மாத காலண்டர்த் தாளிலும் செய்யலாம், அது வழவழப்பாக இருப்பதால் சுகமாக நுழையும்.

வாரியல் பிரச்சினைக்கு: எங்கள் அம்மம்மா அதை ஈர்க்குமாறு என்பார். "ஈர்க்கில் கட்டிய நட்சத்திரம்" என்று மாமியாரிடம் சொல்லுங்கள், சத்தியமும் அதுதான்.

கோன்கடை | டிசம்பர் 7, காலை 8.00

அந்த நான்கு கீற்று நட்சத்திரத்தைத்தான் ஜெர்மனியில் ஃபுரோபெல் நட்சத்திரம் என்கிறார்கள். கிண்டர்கார்டனைத் தொடங்கினாரே ஃபிரெட்ரிக் ஃபுரோபெல், அவர் பெயர். யூகேஜி பிள்ளைக்குப் பொருத்தம்தான், ஆனால் யூகேஜி பிள்ளையால் மடிக்க முடியாது. எனக்கே மூன்று நாள் ஆனது.

குடில்பைத்தியம் | டிசம்பர் 8, இரவு 7.45

நான் தூத்துக்குடி, ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்). எங்களுக்கு நட்சத்திரத்தைவிடக் குடில்தான் முக்கியம். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாடு, கழுதையை நிறுத்திக் குடில் அமைத்தார் என்பார்கள். அவர் செலவழித்தது கொஞ்சம் வைக்கோல்தான்.

மலைக்கு எங்கள் தெருவில் ஒரே வழி, சிமெண்ட் மூட்டைக் காகிதம். இப்போது நிறைய மூட்டைகள் பிளாஸ்டிக் சாக்கில்தான் வருகின்றன, ஆனால் டைல்ஸ் ஒட்டும் பசைமாவு, பட்டி மாவு காகிதப் பையிலும் கிடைக்கிறது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேளுங்கள். உள்ளிருக்கும் தூசியைத் தட்டிவிட்டு (மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்) தண்ணீர் தெளித்துக் கசக்கி, பிழிந்து, விரித்து, மறுபடி கசக்க வேண்டும். நாலு தடவை கசக்கினால் தாள் துணி மாதிரி ஆகிவிடும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்த டப்பா, பெட்டிகளின்மேல் போர்த்தி, மடிப்பின் மேடுகளில் மட்டும் சுண்ணாம்பைத் துணியால் ஒற்றினால் பாறை. பள்ளத்தில் கரித்தூள். பெயிண்ட் வேண்டாம்.

புல்லுக்குக் கேழ்வரகு. அக்காமார்கள் பலர் 20ஆம் தேதி போட்டுவிட்டு முளைக்கவில்லை என்பார்கள். 14, 15 தேதியில் போடுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, சிரட்டையில் தென்னை நார்த்தூள் போட்டு, மேலே கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் ஈரத்துணி போட்டு இருட்டில் வையுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எடுத்தால் 24ஆம் தேதி இரண்டு அங்குலத்துக்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும். சிரட்டையின் கண்ணில் ஒன்றைக் குத்திவிட மறக்காதீர்கள், தண்ணீர் தேங்கினால் அழுகி நாறும்.

குடிலில் வைக்கச் சுரூபம் (சிறு சிலை) இல்லையா? பழைய துணிப் பொம்மை, களிமண், எதுவானாலும் சரி. பாலனை மட்டும் 24 நள்ளிரவில்தான் தொட்டிலில் வைக்கவேண்டும், பாலனைப் பார்க்க வரும் மூவரசர் மெதுவாக நடந்து வரட்டும், அவர்களுக்கு ஜனவரி 6 வரை நேரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் ஒரு சாண் தள்ளி வைப்பது தம்பி மகனின் வேலை.

மாடிவீடு | டிசம்பர் 8, இரவு 8.30

நாங்கள் சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), எங்கள் வீட்டில் குடில் வழக்கம் இல்லை. ஆனால் மூவரசரை நகர்த்தும் வேலையைக் கேட்டதும் பெரியவன் விடமாட்டேன் என்கிறான். கேழ்வரகு வாங்கிவிட்டேன்.

வயரிங்_அண்ணன் | டிசம்பர் 9, காலை 10.10

அலங்காரத்தில் ஈடுபாடு இல்லாத ஆள் நான், பல்பு பற்றி மட்டும் சொல்கிறேன். காகித நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். 5 வாட் எல்ஈடி போதும். அதன் அடிப்பகுதியும் சுடும், தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும். ஒயரில் இடையில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியதை மழை படும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபியூஸ் போன குண்டு பல்பை வண்ணம் பூசித் தொங்கவிடுவது உங்கள் விருப்பம். ஆனால் சுருள் சுருளாக இருக்கும் சிஎஃப்எல், பழைய டியூப் லைட் இரண்டையும் விளையாட்டுக்கும் எடுக்காதீர்கள். உள்ளே பாதரசம், உடைந்தால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தலைவலி.

மார்கழிப்பனி | டிசம்பர் 9, மதியம் 12.40

தெர்மாகோலுக்குத் திட்டு வாங்கிவிட்டேன், இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். கேக்குக்கு முட்டை உடைக்கும்போது உடைக்காமல், இரு முனையிலும் ஊசியால் துளை போட்டு ஊதினால் உள்ளே இருப்பது கிண்ணத்தில் விழும். கீழ்த்துளை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். முட்டை ஓட்டைச் சோப்புத் தண்ணீரால் அலசி ஒரு நாள் காயவைத்துத் தொங்கவிடலாம். ஒரு கேக்குக்கு ஆறு முட்டை, ஆறு உருண்டை. செலவு, கன்ன வலி.

பசைக்கிண்ணம் | டிசம்பர் 9, மதியம் 12.55

இது அருமை. தெர்மாகோலை மன்னித்தோம்.

மாடிவீடு | டிசம்பர் 19, இரவு 10.15

பத்து நாளாக எழுத முடியவில்லை. நிலவரம்:

நட்சத்திரம் கட்டி முடித்தாயிற்று. 6 அங்குலம் 7 நூல் கணக்கு அப்படியே பிசகாமல் வந்தது. அந்த ஐந்து குச்சியை நிறுத்தும்போது சின்னவள், "அம்மா, நட்சத்திரம் சாப்பிட்டுடுச்சு" என்றாள், வயிறு புடைத்ததைப் பார்த்து. சிவப்புக் காற்றாடித் தாள் ஒட்டி இரவு வராந்தாவில் காயவைத்தோம். காலையில் ஒரு முனையைக் காணோம். எலி! மைதாவை நக்கித் தாளையும் தின்றிருக்கிறது. அன்றிலிருந்து நட்சத்திரம் கொடிக்கயிற்றில் நடுக்கூடத்தில் தொங்கியது, நாங்கள் குனிந்து நடந்தோம்.

தேதித் தாள்களில் சங்கிலி செய்தோம். மாமியார் கணக்குப் பார்த்து முடித்த மாதங்களை மட்டும் தந்தார். இப்போது ஜன்னலில் 'பால் அரை லிட்டர், பாக்கி 46' என்று தொங்குகிறது. பால் கவரைக் குஞ்சமாக வெட்டிய மாலை அவ்வளவு நன்றாக வரவில்லை, எவ்வளவு கழுவியும் ஒரு வாடை. கழற்றிவிட்டேன். சிப்ஸ் கவரைத் திருப்பி வெள்ளிப் பக்கம் தெரிய வெட்டியது நன்றாக இருக்கிறது. பத்திரிகை உருண்டை மூன்று மூடின, ஒன்று மூடவில்லை, அதைக் கவிழ்த்துப் பெரியவனுக்காக வைத்த குடிலுக்குள் கிணறாக வைத்துவிட்டோம்.

கணக்கு: தாள் 40, மைதா 20, 5 வாட் பல்பு 70, ஹோல்டரும் ஒயரும் 60, கேழ்வரகு 10, சணல் 15. மொத்தம் 215. வாரியலைச் சேர்க்கவில்லை, அது வீட்டுக் கணக்கு.

ஈத்தாமொழிக்காரன் | டிசம்பர் 19, இரவு 10.40

முனையில் வேறு நிறத் தாளை ஒட்டுங்கள், வேண்டுமென்றே செய்தது போல் இருக்கும். மழைக் கவரைப் போட்டீர்களா?

மாடிவீடு | டிசம்பர் 23, காலை 7.05

போடவில்லை அண்ணாச்சி. நேற்று ராத்திரி மழை. நட்சத்திரம் தப்பிவிட்டது, தாள் மட்டும் இரண்டு இடத்தில் தொய்ந்து கிடக்கிறது. ஆனால் சாயம் வழிந்து வெள்ளைச் சுவரில் முழ நீளத்துக்கு ரோஸ் கோடு. இது வாடகை வீடு. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கோடு அகலமானதுதான் மிச்சம்.

பசைக்கிண்ணம் | டிசம்பர் 23, காலை 7.30

தேய்க்காதீர்கள்! காய்ந்த பிறகு மேலே சுண்ணாம்புதான். குடிலுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்குமே.

மாடிவீடு | டிசம்பர் 23, மாலை 5.50

சுண்ணாம்பு அடித்தாயிற்று, ஓரளவு மறைந்துவிட்டது. வீட்டுக்கார ஆச்சி கீழேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்த நட்சத்திரம் எங்கே வாங்கினது, எங்க வாசலுக்கும் ஒண்ணு வேணும், பச்சையில" என்றார். நாளை ராத்திரிக்குள் முடியுமா? மாமியார் இந்தத் தடவை அவராகவே பழைய வாரியலை எடுத்து வந்து கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். தேய்ந்துபோனது, குச்சிகள் 15 அங்குலம்கூட வருமா தெரியவில்லை. 14 அங்குலத்துக்குக் கோடு எங்கே போட வேண்டும்?

ஈத்தாமொழிக்காரன் | டிசம்பர் 23, மாலை 6.02

5 அங்குலம் 3 நூல். உள் குச்சி நாலு அங்குலம் போதும். கவரை மறக்காதீர்கள்.